தோற்றுவிட்டு ஜெயித்த நெலிதா

சான் எலியாஸ், அர்ஜென்டினா
4 ஆகஸ்ட் 1985

அன்பு மருமகள் நெலிதாவுக்கு,

ரயில்வே கிளப் காண்டீனின் ஏகபோக அதிபதியும் உன் தாய்மாமனுமான ஃபவுஸ்தினோ எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் உன் வலது முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்: இந்தக் கடிதத்தையும் இனி நான் எழுதப்போகும் எந்தக் கடிதத்தையும் பூமியில் ஒருவரும் நம்பப் போவதில்லை. இங்கே அடிக்கிற குளிருக்கு ஸ்டேஷன் கடிகாரத்தின் முட்கள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு படுத்துவிட்டன. மூன்று நாளாக ஊரில் மணி ஆறரை. அதனால் யாரும் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் என் காண்டீனில்தான். பொழுது போக வேண்டாமா? நீ டென்னிஸில் அந்த ஜெர்மன்காரியை அடித்த கதையை எடுத்துவிட்டேன். உன் சர்வீஸ் பந்து மைதானத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, பக்கத்து நாட்டுச் சுங்கச் சாவடியில் பிடிபட்டது என்றேன்.

கசாப்புக்கடை கஸ்பார் வெர்மூத் ஒயின் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப பந்துக்கு பாஸ்போர்ட் இருந்துச்சா ஓய்?"

"இருந்துச்சு. போட்டோ மட்டும் மங்கல்" என்றேன்.

நல்ல வேளையாக உன் அம்மா காண்டீன் பக்கமே வருவதில்லை. அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே. நான் சொல்கிற எதையும் பத்தால் வகுத்து, வந்த மிச்சத்தையும் சந்தேகப்படுவாள். நோட்டரி ஆபீஸில் ஆயுள் முழுக்க அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தவள். நேற்று மாத்தே தேநீர் குடித்துக்கொண்டே அவள் சொன்னதை ஒரு எழுத்துகூடக் கூட்டாமல் தருகிறேன்:

"அவளுக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல. வெளிநாட்டுல தங்கறதுக்கு நான் போட்ட கையெழுத்து டிசம்பரோட முடியுது. மறுபடி போடணும்னா பிரதான சுற்றுல ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்கச் சொல்லு. தகுதிச் சுற்றுல ஜெயிச்சேங்கறது, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு வாசனை புடிச்சுட்டு விருந்து சாப்பிட்டேன்னு சொல்ற மாதிரி. முடியலைன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு, வந்து உக்காரட்டும்."

விஷயம் இவ்வளவுதான். ஒரே ஒரு ஆட்டம். உன்னைப் போன்ற உலக மகா வீராங்கனைக்கு இது ஒரு பெரிய விஷயமா?

என்றும் உன் நலம் நாடும்,
மாமா ஃபவுஸ்தினோ


கிராஸ், ஆஸ்திரியா
22 ஆகஸ்ட் 1985

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். முழங்கால் சௌக்கியம். அது விட்ட வேலையைத் தோள்பட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உங்கள் கல்லீரல்?

மாமா, ஒரு விண்ணப்பம். போன வாரம் நம் நாட்டு ரொசாரியோவிலிருந்து ஆட வந்த ஒரு பெண் ஓடிவந்து என் கையைக் குலுக்கினாள். "ஜெர்மன்காரிய பின்னிட்டியாமே, எங்க ஊர் வரைக்கும் பேச்சு" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. அந்த ஜெர்மன்காரிதான் என்னைப் பின்னினாள். சுங்கச் சாவடியெல்லாம் இருக்கட்டும், அன்றைக்கு என் பந்து வலையைத் தாண்டியதே பெரிய காரியம்.

இந்த வருஷக் கணக்கு இதுதான்: தகுதிச் சுற்றுகளில் சில வெற்றிகள், பல தோல்விகள். பிரதான சுற்றுக்குள் நுழைந்தது இரண்டு முறை, அங்கே ஜெயித்தது பூஜ்யம். பூஜ்யத்தை அம்மா எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான். அடுத்து இத்தாலியில் வில்லா செரேனா என்ற ஊரில் ஒரு போட்டி. அதற்குப் பிறகு இந்த ஆண்டு எனக்கு இடம் தருகிற போட்டி வேறு எதுவும் கிடையாது.

தயவுசெய்து இனி உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
நெலிதா


வில்லா செரேனா, இத்தாலி
15 செப்டம்பர் 1985
(அஞ்சல் அட்டை)

அன்புள்ள மாமா, அம்மா,

நலம். வில்லா செரேனா கோப்பை எனக்கு. பிரதான சுற்றில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. எப்படி என்று எனக்கே புரியவில்லை. என் போன கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விவரம் பிறகு.

நெலிதா


சான் எலியாஸ்
28 செப்டம்பர் 1985

என் வீரத் திருமகளே, வெற்றித் திலகமே,

நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. நீ நலமாக இருப்பாய். கோப்பை வாங்கியவர்களுக்கு நோய் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

உன் அட்டை வந்ததும் வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குக் கூட்டிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. நேரே காண்டீன் நடுவில் நின்று, "நெலிதா ஜெயிச்சுட்டா, கோப்பை வாங்கிட்டா, அஞ்சு ஆட்டம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒபேர்தி சீட்டுக்கட்டைக் குலுக்கிக்கொண்டே கேட்டார். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"பந்து எங்கயும் போகலையா? மேகத்துல மாட்டல? கிழவி யாரும் மயங்கி விழல?"

"இல்ல ஓய். ஜெயிச்சா. அவ்வளவுதான்."

கஸ்பார் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு சரியில்லயா? இன்னிக்கு கதை சப்புனு இருக்கே" என்றார்.

அக்கா வகுத்தாள். ஐந்தைப் பத்தால் வகுத்தால் அரை. "அரை ஆட்டம் ஜெயிச்சா ஜெயிச்சதா ஆகுமா?" என்கிறாள். அட்டையைக் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தபால்தலையைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள். "விவரம் வரட்டும்" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் கோபம் இல்லை. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுப்பாகப் பாடினாள் என்றுகூட நினைக்கிறேன். கையெழுத்து வந்த மாதிரிதான்.

அது சரி, "போன கடிதம்" என்கிறாயே, எந்தக் கடிதம்? ஒன்றும் வரவில்லை. கிராஸ் ஊர்க் கடிதத்தைச் சொல்கிறாயா?

கர்வத்தோடு,
மாமா


வில்லா செரேனா, இத்தாலி
8 செப்டம்பர் 1985
(அந்த வாரம் இத்தாலியில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம், தேங்கிக் கிடந்து சான் எலியாஸ் வந்து சேர்ந்தது அக்டோபர் 9)

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

இன்று தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிரதான சுற்று. எதிரே ஒரு ஆஸ்திரியாக்காரி, பெயர் ஹெர்லிண்டே. மூன்றாவது செட்டில் அவளுக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவளுடையது. அவள் அடித்த பந்து பின்கோட்டருகே விழுந்தது. நடுவர் "வெளியே" என்றார். எனக்குச் சாதகமான தீர்ப்பு, ஆட்டம் தொடரலாம். ஆனால் செங்கல் பொடித் தரையில் பந்து விழுந்த தடம் இருக்குமே. போய்ப் பார்த்தேன். தடம் கோட்டைத் தொட்டிருந்தது. காலால் அழித்தேன்.

நம் தரையில் தடத்தை ஆடுபவளே அழித்தால் புள்ளியை எதிராளிக்கு விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். நம் கிளப்பில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. நடுவர் இறங்கி வருவதற்குள் கைகுலுக்கி முடிந்துவிட்டது.

எனக்கு வருத்தம் இல்லை, களைப்புதான். மூட்டை கட்டிவிட்டேன், வீட்டுக்கு வருகிறேன். அந்த நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் நானே அம்மாவிடம் சொல்லும்வரை யாரிடமும் படித்துக் காட்டாதீர்கள்.

நெலிதா


சான் எலியாஸ்
10 அக்டோபர் 1985

மருமகளே,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீயே இரண்டு பேருக்கும் சேர்த்து விசாரித்துக்கொள்.

உன் எட்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. என்னிடம் வந்திருந்தால் தின்று விழுங்கியிருப்பேன். தபால்காரன் அதை நோட்டரி ஆபீஸில் அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவள் காண்டீனுக்கு வந்தாள். கடை திறந்த காலம் தொட்டு அவள் உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. சீட்டாடியவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"டேய் ஃபவுஸ்தினோ. இந்த ஆட்டத்துல தோத்தவ என்ன பண்ணணும்?"

"மூட்டை கட்டணும்க்கா."

"எட்டாம் தேதி இதே ஊர்ல தோத்து மூட்டை கட்டியிருக்கா. பதினஞ்சாம் தேதி அதே ஊர்ல அதே போட்டியில கோப்பை எப்படி வாங்கினா?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியுது. அட்டையில எழுத்து அவளோடது, பொய் உன்னோடது. நீ சொல்லிக்குடுத்து அவ எழுதியிருக்கா. பொண்ணையும் கெடுத்துட்டே."

சத்தியமாக நான் சொல்லித்தரவில்லை என்றேன். சத்தியம் என்ற சொல்லை நான் சொன்னதும் கஸ்பாருக்கு வெர்மூத் புரையேறியது.

நெலிதா, இப்போது எனக்கே குழப்பம். நேற்று இரவெல்லாம் யோசித்தேன். ஒருவேளை அந்த அட்டையை நானே தூக்கத்தில் எழுதினேனோ? இத்தாலித் தபால்தலையை எங்கே வாங்கியிருப்பேன்? தோற்றவள் ஜெயிக்க முடியாது, ஜெயித்தவள் தோற்றிருக்க முடியாது. நீ தோற்றாயா, ஜெயித்தாயா? இரண்டில் ஒன்றைச் சொல். எதைச் சொன்னாலும் ஊரை நம்பவைத்துவிடுவேன், அதற்கு முன் நான் நம்ப வேண்டும்.

நாற்காலியை அக்கா துடைத்துவிட்டாள். ஜன்னல் பக்கம் இழுத்துக்கூடப் போட்டாயிற்று.

குழம்பிய,
மாமா


வில்லா செரேனா
26 அக்டோபர் 1985

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கேயே ஒரு கிளப்பில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

இரண்டும் உண்மை மாமா. தோற்றேன், ஜெயித்தேன், அந்த வரிசையில்தான்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு ஒரு வழி உண்டு. மறுநாள் காலை ஆட்டம் தொடங்குமுன் வந்து பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். பிரதான சுற்றில் இருக்கிற யாராவது உடம்பு முடியாமல் விலகினால், அந்த இடத்தில் தோற்றவர்களில் ஒருத்தியை உள்ளே விடுவார்கள். "அதிர்ஷ்டக்காரத் தோல்வியாளி" என்று அதற்குப் பெயரே இருக்கிறது. நான் அதற்காகப் போகவில்லை. என் ரயில் மத்தியானம். மைதானத்தில் காப்பி இலவசம் என்று போனேன். பெயர் கொடுத்தால்தான் காப்பி என்றார்கள், கொடுத்தேன்.

ஒரு டச்சுக்காரி முந்தின இரவு கெட்டுப்போன சிப்பி தின்றிருக்கிறாள். ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டபோது ஒரு ஷூ என் காலில், இன்னொன்று பெட்டிக்கு அடியில். ஆடினேன், ஜெயித்தேன். ஏற்கெனவே தோற்றுவிட்டவளுக்கு இழக்க என்ன இருக்கிறது? கை தானாக வீசியது. மறுநாளும் ஜெயித்தேன். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றவள் யார் தெரியுமா? அதே ஹெர்லிண்டே. என் பெயருக்கு நேரே இப்போது ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே எதிராளி: ஒரு தோல்வி, ஒரு கோப்பை.

அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம். அந்தத் தடத்தைப் பற்றி மட்டும் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
நெலிதா


சான் எலியாஸ்
10 நவம்பர் 1985

நெலிதாவுக்கு அம்மா அம்பாரோ எழுதுவது.

நலம். ரத்த அழுத்தம் இருக்கிறபடி இருக்கிறது. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, ஐஸ் வைக்காதே.

நீ எழுதியதை உன் மாமன் காண்டீனில் படித்தான். சிப்பி, ஒற்றை ஷூ, தோற்றவளைக் கூப்பிட்டு உள்ளே விட்டது எல்லாவற்றையும். படித்து முடித்ததும் கடையே எழுந்து நின்று கைதட்டியது. "ஓய் ஃபவுஸ்தினோ, இத்தனை வருஷத்துல இதுதான் உன் தலைசிறந்த பொய்" என்று ஒபேர்தி கட்டிப்பிடித்துக்கொண்டார். உன் மாமன் அழுதான். அவன் அழுகையையும் யாரும் நம்பவில்லை.

போன் போட்டுப் பார்த்தேன். பாதி நாள் காத்திருந்து லைன் கிடைத்தது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. நீ பேசினாயா என்று தெரியவில்லை, நான் பேசினேன்.

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. ஆபீஸில் எதிரே உட்காருகிறவன் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறான் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான். தடத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கிறேன். நீ தோற்றாயா, ஜெயித்தாயா? உன் மாமனைக் கேட்டு எழுதாதே. பதில் வந்த பிறகு கையெழுத்து விஷயத்தை முடிவு செய்கிறேன்.

அம்மா


வில்லா செரேனா
24 நவம்பர் 1985

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறேன். அன்றைக்கு போனில் நானும் பேசினேன். எனக்கும் கடல்தான் கேட்டது.

இதை எழுதினால் கையெழுத்து வராது என்று தெரியும். ஒரு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

எட்டாம் தேதி நான் அழித்தது வேறு ஏதோ பந்தின் தடம். முன்பு எப்போதோ விழுந்தது. கைகுலுக்கப் போகும்போதுதான் அந்தப் பந்தின் உண்மையான தடத்தைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு சாண் வெளியே, புத்தம் புதிதாக இருந்தது. நடுவர் சொன்னதுதான் சரி. பாயிண்ட் என்னுடையது. ஆனால் நம் வழக்கத்தில் அழித்தது அழித்ததுதான். "தப்பான தடத்தை அழித்துவிட்டேன்" என்று யாரிடம் சொல்வது? ஹெர்லிண்டே சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். வாயை மூடிக்கொண்டு குலுக்கினேன்.

அதனால் எட்டாம் தேதி நான் தோற்றேனா என்று எனக்குத் தெரியாது. புள்ளிவிவரத்தில் தோற்றேன்.

பதினைந்தாம் தேதிக்கு வா. இறுதி ஆட்டம், இந்த முறை மேட்ச் பாயிண்ட் எனக்கு. நான் அடித்த பந்தை நடுவர் "வெளியே" என்றார். ஹெர்லிண்டே போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காலால் அழித்துவிட்டுக் கையை நீட்டினாள். கோப்பை எனக்கு. அவள் அழித்தது சரியான தடம்தானா? எனக்குத் தெரியாது அம்மா. நாலடி நடந்தால் பார்த்திருக்கலாம். பார்க்கப் பயமாக இருந்தது, போகவில்லை.

அன்றைக்கு முந்தைய நான்கு ஆட்டங்கள் ஜெயித்தவை, அதில் சந்தேகம் இல்லை. நீ ஒன்றுதான் கேட்டாய், நான்கு இருக்கிறது. ஆனால் நீ இப்போது கேட்டது, தோற்றாயா ஜெயித்தாயா என்று. எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னும் ஆட வேண்டும் போல இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

உன் மகள்,
நெலிதா


சான் எலியாஸ்
12 டிசம்பர் 1985

உலகத் தடங்களையெல்லாம் அழித்த என் மருமகளே,

நலம், நலம், நலம். மூன்றாவது நலம் என் கல்லீரலுக்கு. வெயில் கொளுத்துகிறது. தண்டவாளம் இளகி ரயில் நேற்று பக்கத்து வயல்வழியாகப் போய்ச் சேர்ந்தது. பயணிகள் சன்னலில் கைநீட்டிச் சோளம் பறித்துக்கொண்டார்கள்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அக்கா அதை ஆபீஸில் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். ஜன்னல் பக்கத்து நாற்காலியில், ஆமாம், அதிலேதான். அப்புறம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் நடக்க நடக்கக் கடைகள் தாமாகச் சாத்திக்கொண்டு பின்னால் வந்தன. தீயணைப்புப் படையின் வாத்தியக்குழு முன்னால் வந்து நின்றது. கஸ்பாரின் பரிசு வாங்கிய காளை, மாலையோடு, கண்ணீரோடு. ஊர்வலம் நம் கிளப் மைதானத்தில் நின்றது. பின்கோட்டருகே அக்கா குனிந்து செங்கல் பொடியைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து ஊரைப் பார்த்துப் பேசினாள்:

"ஜெயிச்சேன்னு சொல்றவன இந்த ஊர்ல நெறைய பாத்துட்டேன். தோத்தேன்னு சொல்றவனும் ரெண்டொருத்தன் உண்டு. என் மேஜைக்கு எதிர்ல உக்காந்து 'தெரியல'ன்னு சொன்னவன் இதுவரைக்கும் ஒருத்தன் கிடையாது. எம்பொண்ணு எழுதியிருக்கா. இவள எதால வகுத்தாலும் சந்தேகப்பட மிச்சம் வரல."

காளை மயங்கி விழுந்தது. ஒபேர்தி பச்சைக்கொடியை ஆட்டினார். ஊரே உன் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலில் ஸ்டேஷன் கடிகாரம் திடுக்கிட்டு ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது.

புது வருஷ வாழ்த்துகளுடனும் தோளுக்கு ஒரு முத்தத்துடனும்,
மாமா ஃபவுஸ்தினோ

பி.கு.: ஊர்வலம் பொய். வாத்தியக்குழுவில் இருப்பது ஒரே ஒரு ட்ரம்பெட், அதுவும் அடகில். கஸ்பாரிடம் காளை கிடையாது. இருந்தால் அன்றே வெட்டியிருப்பார். அந்தப் பேச்சை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அக்கா எதுவும் பேசவில்லை. கடிதத்தை மடித்தாள், பேனாவைத் தேடினாள், என்னுடையதைப் பிடுங்கிக்கொண்டாள். உன் அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். முத்திரையும் குத்தினாள். இந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் உண்மை. உறையைக் கவிழ்த்து உதறிப் பார், அந்தப் பத்திரம் விழும்.